கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும் கூட்டம்

2011 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை காலை. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஒலிம்பஸ் நிறுவனத்தின் தலைமையகம். கேமராவிலும் எண்டோஸ்கோப்பிலும் உலகப் பெயர் எடுத்த நிறுவனம் அது. ஒன்பது மணிக்கு இயக்குநர் குழு கூடிவிட்டது. சேர்மன் த்சுயோஷி கிகுகாவா மட்டும் சற்றுத் தாமதமாக உள்ளே வந்தார். அன்றைக்குப் பேசவேண்டிய விஷயங்களை ஒதுக்கிவிட்டு, சி.இ.ஓ. மைக்கேல் வுட்ஃபோர்டைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். மேஜையைச் சுற்றியிருந்த எல்லாக் கைகளும் உயர்ந்தன. வுட்ஃபோர்ட் பேசக் கூடாது, சம்பந்தப்பட்டவர் என்பதால் வாக்களிக்கவும் கூடாது. எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கைபேசி, லேப்டாப், நிறுவனம் கொடுத்த வீடு எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். விமான நிலையத்துக்கு பஸ் இருக்கிறது என்றார்கள்.

சி.இ.ஓ. பதவி அவருக்கு வந்து சரியாக இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

பத்திரிகைகளுக்கு நிறுவனம் சொன்ன காரணம், கலாசார முரண்பாடு. அவர் ஆங்கிலேயர், ஜப்பானிய மொழி தெரியாதவர், ஜப்பானிய நிர்வாக முறையைப் புரிந்துகொள்ளாமல் தன்னிச்சையாக நடந்தார் என்றார்கள். கேட்டவர்களில் பலர் அதை நம்பவும் செய்தார்கள். நம்பும்படியான கதைதான் அது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஜப்பான் கம்பெனியில் தலைமைப் பதவிக்கு வருவார், ஒத்துப்போகாமல் வெளியேறுவார் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் பழகிப்போன கதை.

உண்மை வேறு. 2008-ல் கைரஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவக் கருவி நிறுவனத்தை ஒலிம்பஸ் ஏறக்குறைய 200 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பேரத்தில் ஆலோசகர்களுக்குக் கொடுத்த கட்டணம் மட்டும் 68.7 கோடி டாலர். இப்படிப்பட்ட பேரங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு போகும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. அதே காலத்தில் முகக் கிரீம் விற்கும் ஒரு நிறுவனம், மைக்ரோவேவ் பாத்திரம் விற்கும் ஒன்று, கழிவு மறுசுழற்சி செய்யும் ஒன்று என மூன்று சின்னஞ்சிறு கம்பெனிகளை 7,300 கோடி யென் கொட்டி வாங்கியிருந்தார்கள். அந்தத் தொகையில் பெரும்பகுதி சீக்கிரமே நஷ்டமாக எழுதப்பட்டுவிட்டது. 1990-களில் ஜப்பானின் பங்குச் சந்தைக் குமிழி வெடித்தபோது ஏற்பட்ட முதலீட்டு நஷ்டத்தை இருபது ஆண்டுகளாக மறைத்து வைத்து, கடைசியில் இப்படிப்பட்ட பேரங்கள் வழியாகக் கணக்கை நேர்செய்திருக்கிறார்கள். மறைத்த தொகை 11,770 கோடி யென் என்று பின்னர் விசாரணைக் குழு கண்டறிந்தது.

இதைப் பற்றித்தான் வுட்ஃபோர்ட் கேள்வி கேட்டார். முதலில் நேரில், பிறகு கடிதத்துக்கு மேல் கடிதமாக. முதல் முறை கிகுகாவாவையும் துணைத் தலைவர் ஹிசாஷி மோரியையும் மதிய உணவின்போது சந்தித்ததை அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். அவர்கள் இருவர் முன்னாலும் அருமையான சுஷி, இவர் முன்னால் ஒரு டூனா சாண்ட்விச். முப்பது ஆண்டு காலம் அதே குழுமத்தில் உழைத்து மேலே வந்தவருக்கு அந்த மேஜையில் தன் இடம் என்ன என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிட்டது.

இந்தக் கதையை ஜப்பானுக்கும் மேற்குக்கும் நடந்த மோதலாகச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மோசடியை முதலில் வெளியே கொண்டுவந்தவர் வுட்ஃபோர்ட் அல்ல. உள்ளே இருந்த ஒருவர் கொடுத்த தகவலை வைத்து யோஷிமாசா யமாகுச்சி என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் எழுதினார். ஃபாக்டா என்ற ஜப்பானிய மாத இதழ் துணிந்து வெளியிட்டது. அதை ஒரு நண்பர் மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகுதான் வுட்ஃபோர்டுக்கே விஷயம் தெரிந்தது. அலுவலகத்தில் ஒருவர்கூட அவரிடம் வாய் திறக்கவில்லை. தகவல் கொடுத்தவரும் எழுதியவரும் வெளியிட்டவரும் ஜப்பானியர்கள் என்றால், கேள்வி கேட்பது ஜப்பானியக் கலாசாரத்துக்கு விரோதம் என்று எப்படிச் சொல்ல முடியும்? கலாசாரம் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்தவர்கள் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிலர்தான். கிகுகாவாவும் மோரியும் 2012-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2013-ல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்கள்.

தாள் சுற்றி வரும் பாதை

ஜப்பானிய நிறுவனத்தில் ஒரு முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால்தான் வெளிநாட்டுத் தலைவர்களின் வெற்றியும் தோல்வியும் விளங்கும்.

யோசனை பெரும்பாலும் நடுமட்டத்திலிருந்து கிளம்பும். அதைப் பற்றி அக்கறை உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி, ஆட்சேபணைகளை வாங்கித் திருத்துவார்கள். இதற்கு நெமவாஷி என்று பெயர். எல்லோரும் ஒத்துவந்த பிறகு ரிங்கி என்ற முன்மொழிவுத் தாள் புறப்படும். பிரிவுத் தலைவர், துறைத் தலைவர், பக்கத்துத் துறைக்காரர், இயக்குநர் என்று ஒவ்வொரு மேஜையிலும் நின்று, ஒவ்வொருவரின் ஹங்கோ முத்திரையையும் சிவப்பு மையில் வாங்கிக்கொண்டு மேலே போகும். கூட்டம் கடைசியில்தான். அதில் யாரும் விவாதிக்க மாட்டார்கள், ஏற்கெனவே முடிவானதை ஊர்ஜிதம் செய்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் மேலாளர் இடறி விழுவது இங்கேதான். கூட்டத்தில் தன் திட்டத்தை விளக்கிவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். அறை அமைதியாக இருக்கும். சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். ஒரு மாதம் கழித்தும் ஒரு வேலையும் நகர்ந்திருக்காது. தன்னை எதிர்க்கிறார்கள் என்று கோபப்படுவார். எதிர்ப்பவர்கள் அங்கே யாரும் இல்லை. அவர் தங்களிடம் இன்னும் கேட்கவே இல்லை என்பதுதான் அவர்கள் நினைப்பு.

இந்த முறையில் நேரம் ஏராளமாகப் போகும். 2020-ல் கொரோனாவால் ஊரே வீட்டில் அடைந்து கிடந்தபோதும், தாளில் முத்திரை குத்துவதற்காகவே ரயில் ஏறி அலுவலகம் போன ஊழியர்கள் ஏராளம். அந்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் தாரோ கோனோ அரசு அலுவலகங்களில் ஹங்கோவைக் கைவிடச் சொன்னபோது அது நாடு முழுக்கப் பேச்சானது. ஆனால் இந்த முறையை வெறும் தாமதம் என்று தள்ளுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். முடிவுக்கு வர நாளாகும். வந்துவிட்டால் பிறகு யாரையும் தள்ளவேண்டியதில்லை. என்ன செய்யவேண்டும், ஏன் செய்யவேண்டும் என்பது கடைக்கோடி ஆள்வரை தெரிந்திருக்கும்.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. பத்து முத்திரை விழுந்த தாளுக்கு யார் பொறுப்பு? எல்லோரும் என்றால் யாரும் இல்லை. ஒலிம்பஸ் இருபது ஆண்டுகள் பொய்க் கணக்கு எழுத முடிந்தது இந்தப் பொந்தில்தான். வுட்ஃபோர்டை நீக்கிய எட்டு நிமிடமும் கச்சிதமான நெமவாஷிதான். அவரைத் தவிர எல்லோரிடமும் பேசி முடித்திருந்தார்கள்.

பாரிஸிலிருந்து வந்தவர் செய்தது

1999-ல் கார் நிறுவனமான நிஸ்ஸானின் கடன் சுமார் 2 லட்சம் கோடி யென். முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏழில் நஷ்டம். டைம்லர் கிறைஸ்லரும் கைவிரித்துவிட்ட நிலையில், அந்த மார்ச்சில் பிரான்ஸின் ரெனோ 64,300 கோடி யென் போட்டு 36.8 சதவீதப் பங்கை வாங்கியது. கூடவே கார்லோஸ் கோனை அனுப்பியது. பிரேசிலில் பிறந்து, லெபனானில் வளர்ந்து, பாரிஸில் படித்து, மிஷலின் டயர் கம்பெனியில் பெயர் எடுத்தவர். செலவை வெட்டுவதில் கைதேர்ந்தவர் என்ற பட்டம் அவருக்கு முன்பே டோக்கியோ போய்ச் சேர்ந்திருந்தது.

வந்ததும் அவர் ஒரு திட்டத்தை மேஜையில் வைக்கவில்லை. ஒன்பது குழுக்கள் அமைத்தார். கொள்முதல், உற்பத்தி, ஆராய்ச்சி, விற்பனை, நிதி என்று வெவ்வேறு துறைகளிலிருந்து சுமார் பத்து பத்துப் பேரை எடுத்து ஒரே மேஜையில் உட்காரவைத்தார். பெரும்பாலும் நடுமட்ட மேலாளர்கள். அதுவரை பொறியாளர் கொள்முதல்காரரைக் குறை சொல்வார், கொள்முதல்காரர் விற்பனையைக் குறை சொல்வார். ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து கணக்கைப் பார்த்ததில்லை. மூன்று மாதம் கெடு. தொடக்கூடாதது என்று எதுவும் கிடையாது. ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலத்தில் பேசவேண்டியிருந்ததால், முக்கியமான சொற்களுக்கு இரு தரப்பும் ஒரே பொருள் கொள்ளும்படி ஒரு சிறிய அகராதியும் தயாரித்தார்கள்.

அந்தக் குழுக்களிலிருந்து வந்ததுதான் 1999 அக்டோபர் 18-ல் அவர் அறிவித்த மறுமலர்ச்சித் திட்டம். 21,000 வேலைகள் குறையும். ஐந்து ஆலைகள் மூடப்படும். உதிரிபாகம் தருபவர்கள் 1,145 பேரிலிருந்து 600 ஆகக் குறைவார்கள். நிஸ்ஸான் பங்கு வைத்திருந்த 1,394 நிறுவனங்களில் நான்கைத் தவிர மற்றவற்றின் பங்குகள் விற்கப்படும். கெய்ரெத்சு என்ற உறவுக் கம்பெனி முறையின் அடிமடியிலேயே கை வைத்த அறிவிப்பு இது. 2000-ஆம் நிதியாண்டில் லாபம் வராவிட்டால் தானும் நிர்வாகக் குழுவும் விலகுவோம் என்றும் சொன்னார்.

ஜப்பானே அதிர்ந்தது. எஃகு வாங்கும் கம்பெனிகளைக் குறைக்கப்போவதாக நிஸ்ஸான் சொன்னதில் விலை சரிந்து, எஃகுத் தொழிலே ஆட்டம் கண்டது, என்.கே.கே.யும் கவாசாகி ஸ்டீலும் 2002-ல் ஜே.எஃப்.இ. என்ற பெயரில் ஒன்றாக வேண்டிய நிலைக்கு அதுவும் ஒரு காரணம். 1999-ஆம் நிதியாண்டில் 68,400 கோடி யென் நஷ்டம் காட்டிய நிஸ்ஸான், மறு ஆண்டில் 33,100 கோடி யென் லாபம் காட்டியது. காலை ஏழுக்கு வந்து இரவு பதினொன்றுக்குத் திரும்பும் கோனுக்கு ‘செவன் இலெவன்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அவர் வாழ்க்கை மாங்கா சித்திரக்கதையாகக்கூட வந்தது.

இந்த வெற்றியை ஜப்பானிய முறையை உடைத்த வெற்றி என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் கொண்டாடின. அப்படிச் சொல்வது சரியல்ல. உடைந்தவை வயதுக்கேற்ற பதவி உயர்வும் உறவுக் கம்பெனிப் பங்குகளும். உடையாதது ஒன்று உண்டு: திட்டம் உள்ளே இருந்தவர்களின் கையால் எழுதப்பட்டது. அவர்கள் எழுதியதை அவர்களே நிறைவேற்றினார்கள். நெமவாஷி வருடக்கணக்கில் இழுக்கவேண்டியதில்லை, மூன்று மாதத்திலும் நடக்கும் என்று கோன் காட்டினார். ஆட்குறைப்பும் கண்மூடித்தனமாக நடக்கவில்லை. நியாயமான காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து எடுத்தால் ஜப்பானிய நீதிமன்றங்கள் செல்லாது என்றுவிடும். பின்னாளில் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவாகவே அது எழுதப்பட்டது. ஆகவே ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்பாமல் விடுவது, விரும்பி விலகுவோருக்குப் பணம் கொடுப்பது, இடமாற்றம் செய்வது என்று போனார்கள். டோக்கியோவின் மேற்கே இருந்த முராயாமா ஆலை 2001-ல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, அதன் வேலைகள் ஒப்பாமா, தொச்சிகி ஆலைகளுக்குப் போயின. குடும்பத்தை விட்டுப் போக முடியாமல் விலகியவர்களும் உண்டு. வெற்றிக் கணக்கை எழுதுபவர்கள் அந்த வரியையும் எழுதவேண்டும்.

பிறகு என்ன ஆனது என்பது ஊர் அறிந்தது. 2005-ல் ரெனோவுக்கும் அவரே தலைவர். 2016-ல் மிட்சுபிஷி மோட்டார்ஸும் அவர் கைக்குள் வந்தது. பாரிஸ், டோக்கியோ என்று விமானத்தில் பறந்துகொண்டிருந்த மனிதருக்கு நடுமட்ட மேலாளர்களோடு உட்கார நேரம் ஏது? 2018 நவம்பர் 19-ல் ஹனேதா விமான நிலையத்தில் கைதானார். எட்டு ஆண்டுகளாகத் தன் ஊதியத்தில் 900 கோடி யென்னுக்கு மேல் வெளியே காட்டவில்லை என்பது அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிஸ்ஸானுக்குள்ளேயே சிலர் அவருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் விசாரித்து, அரசு வழக்கறிஞர்களோடு ஒத்துழைத்திருந்தார்கள். எல்லாக் குற்றச்சாட்டையும் அவர் மறுக்கிறார்; ரெனோவோடு முழுதாக இணைவதைத் தடுக்க நடந்த சதி என்கிறார். முதல் கைதுக்குப் பின் 108 நாள் காவல், ஜாமீன், மறுபடி கைது, மறுபடி ஜாமீன். 2019 டிசம்பர் இறுதியில் ஒலிக்கருவிப் பெட்டிக்குள் ஒளிந்து ஒசாகா வழியாகத் தப்பி லெபனான் சேர்ந்தார். வழக்கு அப்படியே நிற்கிறது.

குற்றமா சதியா என்பதை நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. 1999-ல் எல்லோரையும் பேசவைத்தவர், 2018-ல் தன்னைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது எதையும் கேட்கும் இடத்தில் இல்லை.

வந்தவர்கள், போனவர்கள்

சோனியில் 2005 முதல் 2012 வரை சி.இ.ஓ.வாக இருந்தார் ஹோவர்ட் ஸ்ட்ரிங்கர். வேல்ஸில் பிறந்தவர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் வளர்ந்தவர். ஜப்பானிய மொழி பேசமாட்டார். வாழ்ந்ததும் பெரும்பாலும் டோக்கியோவுக்கு வெளியே. தனித்தனித் தீவுகளாக இயங்கிய சோனியின் பிரிவுகளை ஒன்றாக்கவேண்டும் என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் அந்தத் தீவுகளுக்குள் இறங்கி நடக்கும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் விலகிய நிதியாண்டில் நஷ்டம் 45,670 கோடி யென்.

நிப்பான் ஷீட் கிளாஸ் தன்னைவிடப் பெரிய பிரிட்டனின் பில்கிங்டனை 2006-ல் வாங்கி, அங்கிருந்து வந்த ஸ்டூவர்ட் சேம்பர்ஸையே தலைவராக்கியது. பதினைந்து மாதத்தில் அவர் விலகினார். குடும்பத்தைவிடக் கம்பெனியை முன்னே வைக்கும் வாழ்க்கை தனக்கு இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னார். சற்றுப் பின்னால் வந்த அமெரிக்கர் கிரெய்க் நெய்லரும் இரண்டே ஆண்டில் இயக்குநர் குழுவோடு கருத்து வேறுபட்டுப் போனார். சாஃப்ட்பேங்கில் மசயோஷி சோனின் வாரிசாக வர்ணிக்கப்பட்ட நம் நாட்டு நிகேஷ் அரோரா 2016 ஜூனில் வெளியேறினார். அங்கே கலாசாரச் சிக்கல் எதுவும் இல்லை. நிறுவனர் இன்னும் சில காலம் தானே இருக்க முடிவு செய்தார், அவ்வளவுதான்.

தங்கியவர் என்று காட்ட ஒருவர் உண்டென்றால் அவர் தகேதா மருந்து நிறுவனத்தின் கிறிஸ்தோஃப் வெபர். 1781-ல் ஒசாகாவின் தோஷோமாச்சி மருந்துக்கடைத் தெருவில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் தலைமைக்கு ஒரு பிரெஞ்சுக்காரரா என்று நிறுவனர் குடும்பத்தில் சிலரும் பழைய ஊழியர்களும் 2014-ல் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். வெபர் வந்ததும் சி.இ.ஓ. ஆகவில்லை. முதலில் செயல்பாட்டுத் தலைவராக வந்து, பழைய தலைவர் யாசுசிகா ஹசெகாவாவின் பக்கத்தில் இருந்து, 2015 ஏப்ரலில்தான் முழுப் பொறுப்பை எடுத்தார். தகேதா நெடுங்காலமாகச் சொல்லிவந்த நேர்மை, விடாமுயற்சி போன்ற நெறிகளையே எடுத்து, ஒவ்வொரு முடிவிலும் முதலில் நோயாளி, பிறகு சமூகத்தின் நம்பிக்கை, பிறகு நற்பெயர், கடைசியில் வியாபாரம் என்று வரிசை போட்டார்.

மென்மையாகச் சொன்னார் என்பதால் மென்மையாகச் செய்தார் என்று அர்த்தமில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ஷயர் நிறுவனத்தை 4,600 கோடி பவுண்டுக்கு 2019 ஜனவரியில் வாங்கி முடித்தார். ஜப்பானிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் அதுவரை அவ்வளவு பெரிய பேரம் செய்ததில்லை. அந்தக் கடனை அடைக்க, ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த அலினமின் வைட்டமின் மாத்திரைத் தொழிலையே பிளாக்ஸ்டோனுக்கு 24,200 கோடி யென்னுக்கு விற்றார். ஷயர் பேரத்துக்கு எதிர்ப்பாளர்கள் இருந்தார்கள், ஆனால் விசேஷப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் அதைப் பெரும் ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அந்தப் பேரத்துக்கு முன் இருந்த உயரத்தைப் பங்கு விலை பல ஆண்டுகளாகியும் எட்டாததால் அது சரியான முடிவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வெபரை வெளியூர்க்காரர் என்று சொல்லி எதிர்ப்பது ஓய்ந்துவிட்டது. அவருக்குப் பின் 2026 ஜூனில் பதவியேற்பவர் என்று அறிவிக்கப்பட்ட ஜூலி கிம் அமெரிக்கர். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இந்த மாற்றத்துக்கு வெபர் மட்டும் காரணமல்ல. 2015-ல் வந்த கார்ப்பரேட் நிர்வாக நெறி, பட்டியலிட்ட நிறுவனங்கள் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்களையாவது வைக்கவேண்டும் என்றது. 2021-ல் டோக்கியோ சந்தையின் முதல்நிலை நிறுவனங்களுக்கு அதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தியது. எல்லோரும் உள்வீட்டு ஆட்களாக இருந்த மேஜையில் வெளியாள் சிலர் உட்கார்ந்தாலே, எட்டு நிமிடத்தில் கைதூக்கி முடிக்கும் கூட்டங்கள் கடினமாகும். வெளிநாட்டுத் தலைவருக்குத் தேவைப்படும் பாதுகாப்பும் இதுதான், அவரைக் கேள்வி கேட்கத் தேவைப்படும் ஆளும் இதுதான். கோனின் காலத்து நிஸ்ஸானில் இரண்டுமே போதவில்லை.

மறுபடியும் நிஸ்ஸான்

2024-ஆம் நிதியாண்டில் நிஸ்ஸானின் நஷ்டம் 67,090 கோடி யென். கோன் வந்த ஆண்டின் நஷ்டத்துக்கு ஏறக்குறைய சமம். ஹோண்டாவோடு இணையும் பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது. ஏப்ரல் 1 முதல் தலைமை மறுபடி ஒரு வெளிநாட்டவரிடம் போனது. இவான் எஸ்பினோசா, மெக்சிகோக்காரர். ஆனால் இவர் வேறெங்கிருந்தோ இறக்குமதியானவர் அல்ல. 2003-ல் நிஸ்ஸானின் மெக்சிகோ கிளையில் சேர்ந்து, கார்த் திட்டமிடல் துறையில் படிப்படியாக மேலே வந்தவர். எந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யாரிடம் முதலில் பேசவேண்டும் என்பது அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம்.

மே மாதம் அவர் அறிவித்த திட்டத்தில் 20,000 வேலைக் குறைப்பு. 17 ஆலைகள் 10 ஆகும். யோகோஹாமாவில் கோன் காலத்தில் திறந்த தலைமையகக் கட்டடத்தை 9,700 கோடி யென்னுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோவோடு சேர்ந்து நடத்திவந்த ஆலையில் நிஸ்ஸான் வைத்திருந்த 51 சதவீதமும் ரெனோவுக்குப் போய்விட்டது. நிஸ்ஸான் கார்கள் இனியும் அங்கே தயாராகும், உரிமைதான் கைமாறியிருக்கிறது.

ஜப்பானுக்குள் பலத்த அடி ஒப்பாமாவுக்கு. 1961-ல் தொடங்கிய ஆலை, முராயாமா மூடப்பட்டபோது வேலை மாற்றப்பட்ட இடங்களில் ஒன்று, லீஃப் மின்சாரக் கார் பிறந்த இடம். 2027-ஆம் நிதியாண்டின் இறுதியோடு அங்கே கார் உற்பத்தி நிற்கும், வேலை கியூஷு ஆலைக்குப் போகும் என்று எஸ்பினோசா 2025 ஜூலை 15-ல் அறிவித்தார். அதுவரை ஊழியர்கள் அங்கேயே இருப்பார்கள். அதற்குப் பிறகு யாரை எங்கே அனுப்புவது, போக முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதை நிர்வாகம் முடிவு செய்து தொழிற்சங்கத்தோடு பேசத் தொடங்கும் என்றது அறிவிப்பு. ஆலையை மூடும் முடிவு முதலில் வந்திருக்கிறது, ஆட்களோடு பேசுவது பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது.